ரெண்டு கோடு, அப்புறம் ப்ரிஃபிக்ஸ்

பைக்கை அங்க விடாதீங்க. அது எதிர்வீட்டுக்காரனோட கேட்டு. அஞ்சு நிமிஷத்துல வந்து கத்துவான். இந்தப் பக்கம், சுவரை ஒட்டி. ஆங், அப்படியே இருக்கட்டும். உள்ள வாங்க. வாங்கன்னு சொன்னதால நீங்க கேக்கறதுக்கெல்லாம் தலையாட்டுவேன்னு நெனைச்சுக்காதீங்க. வந்த ஆளை வாசல்ல நிக்கவச்சுப் பேசினா முத்தியால்பேட்டையே பால்கனியில வந்து நிக்கும், அதுக்காகத்தான் கூப்பிடறேன்.

உக்காருங்க. எழிலரசியோட வீட்டுக்காரர்னு சொன்னதுமே எதுக்கு வந்திருக்கீங்கன்னு புரிஞ்சுபோச்சு. இன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்கு என்கொயரி. அங்க அந்த மேனேஜர் ஜெரால்டு முன்னாடி நான் வந்து நிக்கணும். நின்னு, "இந்தப் பொண்ணு என்னைக் கேட்டுட்டுத்தான் அழிச்சா, தப்பு அவளோடது இல்ல"ன்னு சொல்லணும். சொன்னா அவ வேலை பொழைக்கும். சொல்லலன்னா கம்பெனி சொத்தை அழிச்சவள்னு பேர் வச்சு வெளிய தள்ளுவாங்க, அப்புறம் இந்த லைன்ல எவனும் சேத்துக்க மாட்டான். அதானே? ஒரே ஒரு வார்த்தை. எல்லாரும் ஒரே ஒரு வார்த்தைன்னுதான் வர்றாங்க.

வரமாட்டேன் தம்பி. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் டீயைக் குடிச்சுட்டு ஏமாத்திட்டான்னு சொல்லக்கூடாது. கோமளா! ரெண்டு டீ. சக்கரை போடலாமில்ல உங்களுக்கு?

ஏன் வரமாட்டேங்கறதைக் கேட்டுட்டுப் போங்க. அந்தக் கம்பெனியில என் தரப்பை இதுவரைக்கும் ஒருத்தன் முழுசாக் கேட்டதில்ல. நீங்களாவது கேளுங்க. உங்களுக்கு வேற வழியும் இல்ல.

உங்க வீட்டம்மா சொல்லியிருப்பா. வெளிநாட்டுக்காரன் எழுதற கணக்குப் புத்தகம், பௌதிகப் புத்தகம், அதுக்கெல்லாம் பக்கம் போட்டுக் குடுக்கற கம்பெனி அது. ஒவ்வொரு பக்கத்துலயும் சமன்பாடு கொசகொசன்னு இருக்கும். ஒரு முடி அளவு நகர்ந்தாலும் வெள்ளைக்காரன் சிவப்புல சுழிச்சு அனுப்பிடுவான். அதுக்கு ஒரு ப்ரோக்ராம் இருக்கு. இலவசம்தான். ஆனா ரெடியாக் கிடைக்கறதை இறக்கிப் போட்டா நம்ம வேலைக்கு ஆகாது. சோர்ஸை, அதாவது அந்த ப்ரோக்ராமை எழுதின மூல வரிகளை எடுத்து, நாமளே நம்ம மெஷின்ல, எல்லாரும் வேலை செய்யற அந்த ஒரே சர்வர்ல, கட்டிக்கணும். அதைக் கட்டினவன் நான். இந்தக் குணாளன். அந்தக் கம்பெனியில இருந்து போன ஒவ்வொரு பக்கமும் என் கை பட்டுப் போன பக்கம்.

ஆனா மெஷினுக்கு ரூட் பாஸ்வேர்ட் எனக்குக் கிடையாது. ரூட்டுன்னா மெஷினுக்கே அதிகாரம். அது இருந்தாத்தான் எல்லாருக்கும் பொதுவான இடத்துல ஒரு சாமானை வைக்க முடியும். மொதல்ல என்கிட்டயும் இருந்துச்சு. ஜெரால்டு பிடுங்கிட்டான். எதுக்குன்னு கேளுங்க. ஒரு நாள் மெஷின் இழுத்துக்கிட்டு நின்னுச்சு, நான் நிறுத்தி எழுப்பினேன். அவ்வளவுதான். அந்த நேரத்துல ஃப்ளோர்ல அறுபது பேர் பக்கம் போட்டுக்கிட்டு இருந்தாங்களாம், யாரும் சேவ் பண்ணலையாம். சேவ் பண்ணாம உக்காந்திருக்கறது யார் தப்பு? என் தப்பா? சொல்லிட்டு நிறுத்தியிருக்கணுமாம். சொல்லிட்டு! வீடு பத்திக்கிச்சுன்னா மனு குடுத்துட்டா தண்ணி ஊத்துவாங்க?

அதுக்கு என்னைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாடியும், "குணாளன், இனிமே ரூட் உங்களுக்கு வேண்டாம்"னான். கோபமா சொல்லியிருந்தாக்கூடப் பொறுத்துக்குவேன். சிரிச்சுக்கிட்டே சொன்னான். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது.

நீங்க என்ன வேலை? டைல்ஸா. நல்லதாப் போச்சு, உங்களுக்குச் சொன்னாப் புரியும். ஒரு வீட்டைக் கட்டறதுக்கு முன்னாடி மேஸ்திரிகிட்ட சொல்றோமில்ல? மாடி வேண்டாம், பூஜை ரூம் இந்தப் பக்கம், பாத்ரூம்ல வழுக்காத டைல்ஸுன்னு? சுவர் எழும்பினப்புறம் வந்து சொன்னா உடைக்கத்தான் செய்யணும். இதுவும் அப்படித்தான். சோர்ஸை எடுத்ததும் கட்ட ஆரம்பிக்கறதில்ல. அதுக்கு முன்னாடி கன்ஃபிகர்னு ஒண்ணு இருக்கு. கறுப்புத் திரையில டாட், ஸ்லாஷ், கன்ஃபிகர்னு அடிச்சு, பின்னாலயே ரெண்டு ரெண்டு கோடு போட்டு நமக்கு என்னென்ன வேணும், என்னென்ன வேண்டாம்னு வரிசையா சொல்லணும். ரெண்டு கோடு, எனேபிள் இன்னது. ரெண்டு கோடு, டிசேபிள் இன்னது. வித் இன்னது, வித்தவுட் இன்னது.

என்னோட வரி எனக்கு மனப்பாடம். கேளுங்க. ரெண்டு கோடு, வித்தவுட், எக்ஸ். அப்படின்னா ஜன்னல் படமெல்லாம் வேண்டாம், சர்வருக்கு ஏது திரை. ரெண்டு கோடு, டிசேபிள், ஷேர்ட். அப்படின்னா மெஷின்ல பொதுவா இருக்கற லைப்ரரி, அதாவது பல ப்ரோக்ராம் சேந்து எடுத்துக்கற துணைச் சாமான், எதையும் நம்பாதே, வேணுங்கறதை எல்லாம் உனக்குள்ளயே வச்சுக்கோ. இது இல்லன்னா ஜெரால்டு மெஷினை அப்டேட் பண்ற அன்னிக்கெல்லாம் என் ப்ரோக்ராம் மல்லாந்துடும். அப்புறம் எழுத்து வரையற லைப்ரரி. அதுல புதுசு வேண்டாம், நான் வச்சிருக்கற பழசைத்தான் எடுத்துக்கணும்னு, ரெண்டு கோடு, வித், போட்டு வழி சொல்லியிருந்தேன். புதுசுல எழுத்தோட அகலம் இம்மியளவு வித்தியாசம். ஒரு வரியில தெரியாது. ஒரு புத்தகத்துல எல்லா வரியும் வேற எடத்துல மடங்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலமே ஆச்சு. எவனும் உதவல.

என்டர் தட்டினதும் அது ஒண்ணொண்ணாக் கேக்கும் பாருங்க. கட்டித் தர்ற கம்பைலர் இருக்கா? இருக்கு. அது ஒழுங்கா வேலை செய்யுதா? செய்யுது. இந்த லைப்ரரி இருக்கா? இருக்கு. அது இருக்கா? இல்ல. இல்லன்னா அங்கயே நின்னுடும், மேல ஒரு செங்கல் வைக்காது. எனக்கு அதுமேல அவ்வளவு மரியாதை. கேட்டுட்டுத்தான் எதையும் ஆரம்பிக்கும். மனுஷனுக்கு எங்க இருக்கு அந்தப் புத்தி?

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு. ரெண்டு கோடு, ப்ரிஃபிக்ஸ். கட்டி முடிச்சதை எந்த எடத்துல கொண்டுபோய் வைக்கணும்னு சொல்றது. ஒண்ணும் சொல்லலன்னா பொது இடத்துக்குப் போகும். பொது இடத்துல வைக்கத்தான் எனக்கு அதிகாரம் இல்லையே? அதனால என் அக்கவுண்ட்டோட ஹோம் இருக்கு பாருங்க, எனக்குன்னு குடுத்த இடம், அதையே ப்ரிஃபிக்ஸா குடுத்துட்டேன். வேற எங்க வைப்பேன்? ரோட்லயா? எல்லாரும் என் வீட்டுக்கு வந்து பக்கம் போட்டுட்டுப் போகட்டும்னு வழி திறந்து விட்டேன். நாலு வருஷம் தம்பி, அந்தக் கம்பெனி மொத்தமும் என் ஹோம்லதான் ஓடுச்சு. ஜெரால்டு உள்பட. ஒரு நன்றி? ம்ஹூம்.

டீ வந்துடுச்சு, எடுத்துக்கங்க. இவதான் என் சம்சாரம். கோமளா, இவர் எழிலோட வீட்டுக்காரர். ஆமா, அந்த எழில்தான். நீ உள்ள போ.

குடிங்க, ஆறிடும். எங்க விட்டேன்? ஆங், எழில்.

நல்ல பொண்ணுதான், நான் இல்லன்னு சொல்லல. வந்த புதுசுல என்கிட்ட ஒழுங்கா உக்காந்து கேட்ட ஒரே ஆளு அவதான். "அண்ணா, இந்த ஆப்ஷன் எதுக்கு, அது எதுக்கு"ன்னு நச்சரிப்பா. நான் சொல்லித் தரல. சொல்லித் தந்தா அப்புறம் நான் எதுக்குங்க அங்க? ஆனா மரியாதை தெரிஞ்ச பொண்ணு. ஒரு மீட்டிங்ல ஜெரால்டு, "குணாளன் கன்னாபின்னான்னு எங்கயோ இன்ஸ்டால் பண்ணி வச்சிருக்கார்"னு சொன்னப்ப, இவ எழுந்து, "சார், ரூட் குடுக்காம இருந்தா வேற எங்க சார் வைப்பார்"னு கேட்டுட்டா. எனக்காக ஒருத்தி பேசறா, எனக்கு அப்படியே உள்ளுக்குள்ள...

இருங்க, அதோட விட்டிருந்தாப் பரவால்ல. விட்டாளா? போய் ஜெரால்டுகிட்ட நயமாப் பேசி, பொது இடத்துல எனக்குன்னு ஒரு ஃபோல்டருக்கு அனுமதி வாங்கிட்டு வந்துட்டா. வந்து முகமெல்லாம் சிரிப்பா, "அண்ணா, இனிமே நீங்க அங்கயே வைக்கலாம், ப்ரிஃபிக்ஸை மட்டும் மாத்தித் திரும்பக் கட்டிடுங்க, நீங்க லீவுல போனாலும் ஆபத்து இல்ல"ங்கறா. அரை மணி நேர வேலை அது. வேலை ஒண்ணும் பெருசு இல்ல. நீங்களே யோசிங்க தம்பி. நாலு வருஷமா எனக்கு இல்லாத இடம், நேத்து வந்த பொண்ணு சிபாரிசுல எனக்குக் கிடைக்குது. நான் அதை வாங்கிக்கணும். உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. அவ நல்லதுன்னு நெனைச்சுத்தான் செஞ்சா. அதுதான் இன்னும் எரிஞ்சுது.

"சரிம்மா, மாத்தறேன்"னேன். மாத்தல. ஏன் மாத்தணும்?

அப்புறம் எனக்கு வரவேண்டிய சீனியர் போஸ்ட்டு. அதையும் வெளியிலிருந்து ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து குடுத்தான் ஜெரால்டு. நான் ராஜினாமாப் பேப்பரை எழுதி மேசையில வச்சுட்டேன். தடுப்பான்னு நெனைச்சேன். "ஆல் தி பெஸ்ட்"ங்கறான்.

கடைசி நாள் எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. அங்க ஒரு வழக்கம் உண்டு. மத்தியானம் கேக் வெட்டுவாங்க, முகத்துல கொஞ்சம் பூசுவாங்க, போட்டோ எடுப்பாங்க. சாயங்காலம் ஃப்ளோர் காலியானதும், ஆளு கேட்டைத் தாண்டறதுக்குள்ள அக்கவுண்ட்டை ஹோமோட சேத்து அழிச்சுடணும். ஜெரால்டோட ரூல். ஹோமுக்கு பேக்கப்பும் கிடையாது, ஆளுங்க சினிமாப் பாட்டு சேத்து வைப்பாங்க, அதுக்கெல்லாம் டிஸ்க் வீணாக்கக் கூடாதாம். நானே எத்தனை பேரை அழிச்சிருக்கேன், கேக் வாசனை கையில இருக்கும்போதே. என்னை அழிக்கற வேலை எழிலுக்கு வந்துச்சு.

இப்ப அவ என்ன சொல்றா? என்னைக் கேட்டுட்டு அழிச்சாளாம். கேட்டாளா இல்லையாங்கறது... இருங்க, இருங்க, சொல்றேன். கேட்டா. கேக்கலன்னு நான் எங்கயும் சொல்லல. என் சீட்டுக்கு வந்து நின்னு, "அண்ணா, அழிக்கப் போறேன். ப்ரோக்ராமை எல்லாம் பொது இடத்துக்கு மாத்திட்டீங்கல்ல?"ன்னு கேட்டா. நான் டிராயரைக் காலி பண்ணிக்கிட்டு இருந்தேன். "ம்"முன்னேன். அவ்வளவுதான். "ம்"முக்கு ஆயிரம் அர்த்தம் இருக்கு. கேக்கறேன்னு அர்த்தம், பாக்கலாம்னு அர்த்தம், ஆளை விடுன்னு அர்த்தம். மாத்திட்டேன்னு நான் சொன்னேனா? அழின்னு சொன்னேனா?

இன்னொண்ணு. அவ போய்ப் பாத்திருக்கணுமா இல்லையா? கறுப்புத் திரையில ஒரே ஒரு வார்த்தை அடிச்சா ப்ரோக்ராம் எந்த இடத்துலருந்து ஓடுதுன்னு சொல்லிடும். ஒரு செகண்டு. அவ பாக்கல. நான் சொன்னதை நம்பிட்டா. நம்பினது யார் தப்பு?

என்ன அப்படிப் பாக்கறீங்க? "நான் சொன்னதை"ன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "ம்"முன்னதை.

மறுநாள் காலையில குளிச்சு, இதே இடத்துல பேப்பரை விரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். போன் இந்த ஸ்டூல் மேல. ஷிஃப்ட் ஏழு மணிக்குத்தான் ஆரம்பம். ஏழே காலுக்கு எழில் கூப்பிட்டா. எடுக்கல. மறுபடி கூப்பிட்டா. எடுக்கல. மெசேஜ் வந்துச்சு, "அண்ணா, எதுவும் ஓடல, ப்ளீஸ்"னு. எடுத்திருக்கலாம். ஆனா கூப்பிட வேண்டியவன் எவன்? ஜெரால்டு. அவன் கூப்பிடட்டும். "குணாளன், நீங்க இல்லாம முடியல"ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த நிமிஷம் நான் பைக்கை எடுத்திருப்பேன். சத்தியமா. மத்தியானம் வரைக்கும் இந்தச் சேரை விட்டு எழுந்திருக்கல. அவன் கூப்பிடல தம்பி. ஒரு மிஸ்டு கால்கூட இல்ல. எழில் மட்டும்தான் சாயங்காலம் வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா.

அழுதாளா? அது எனக்கு எப்படித் தெரியும், நான்தான் எடுக்கலையே.

அப்புறம் கேள்விப்பட்டேன், சென்னையிலருந்து ஒருத்தனை வரவழைச்சானாம். கழுத்துல ஹெட்போனு, கையில காஸ்ட்லி காபி. சோர்ஸை இறக்கினான், கன்ஃபிகர்னு அடிச்சான், என்டரைத் தட்டினான். வெறும் கன்ஃபிகர்! ஒரு கோடு இல்ல, ஒரு வித் இல்ல, ஒரு வித்தவுட் இல்ல. கேட்டப்ப எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. மெஷின்ல எது இருக்கோ அதை எடுத்துக்கிச்சு, புது எழுத்து லைப்ரரி, புது அகலம். பாதி அச்சான புத்தகத்துல மீதி பக்கம் வேற மாதிரி வந்து நிக்குது. சமன்பாடு ஓரத்தைத் தாண்டி வெளிய தொங்குதாம். வெள்ளைக்காரன் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிட்டான், பெரிய ஆர்டர் ஒண்ணு கையை விட்டே போச்சுன்னு சொல்றாங்க. என்னோட வரி என்னன்னு எவனுக்கும் தெரியாது. கட்டின விவரமெல்லாம் அழிஞ்சுபோன அந்த ஹோம்லயேதான் இருந்துச்சு. மிச்சம் இருக்கறது இங்கதான், இந்த மண்டைக்குள்ள.

ஆர்டர் போச்சுன்னதும் எவனையாவது பலி குடுக்கணும்ல? ஜெரால்டு தன் ரூல்மேல பழி வராம எழிலைப் பிடிச்சுக்கிட்டான். அவனோட புத்தி அது. அதுக்கு நான் என்ன பண்ண?

சரி, இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, உங்களுக்காக ஒண்ணு பண்றேன். ஜெரால்டு இங்க வரட்டும். இந்தச் சேர்ல, கால் ஆடற சேர்லதான், உக்காரட்டும். "குணாளன், ரூட்டைப் பிடுங்கினது என் தப்பு, எங்களுக்கு உங்க வரி வேணும்"னு கேக்கட்டும். அந்த நிமிஷமே என் வரியைச் சொல்றேன், எழில்மேலயும் தப்பில்லன்னு சேத்தே சொல்லிடறேன். இதைப் போய் அவன்கிட்ட சொல்லுங்க. அவனுக்கு வேற வழி இல்ல. பக்கம் ஒழுங்கா வரணும்னா இந்த வாசல்படி ஏறித்தான் ஆகணும்.

என்ன? திரும்பச் சொல்லுங்க.

சரியாயிடுச்சா? எது சரியாயிடுச்சு?

போன வாரமேவா. யாரு, அந்த சென்னைக்காரனா? அவனுக்கு வராது, சான்ஸே இல்ல...

எழிலா?

எழில் எப்படிங்க? அவளைத்தான் உள்ளயே விடலையே. வீட்லருந்தா? வீட்ல லேப்டாப்ல, ஒவ்வொரு ஆப்ஷனா போட்டுக் கட்டி, பழைய புத்தகத்துப் பக்கத்தோட வச்சு வச்சுப் பாத்து... யாரும் கேக்காமயேவா? தானாவே கண்டுபிடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தாளா, தன்னை சஸ்பெண்ட் பண்ணவங்ககிட்டயே? பைத்தியமா அந்தப் பொண்ணு? அதை வச்சுப் பேரம் பேசியிருக்கலாம்ல. ஃப்ளோர்ல இருக்கறவங்க பாவம்னு சொன்னாளா. ஓ. ஃப்ளோர்ல இருக்கறவங்க.

பக்கம் ஒழுங்கா வருதா? வரி ஒரே இடத்துல மடங்குதா? பாத்தீங்களா நீங்க? நீங்க டைல்ஸ்காரரு, உங்களுக்கு என்ன தெரியும். வெள்ளைக்காரன் ஓகேன்னுட்டானா.

ஜெரால்டு என்ன சொன்னான்? என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா? என் பேரே எடுக்கலையா.

அப்படின்னா இன்னும் எதுக்கு என்கொயரி? கையை விட்டுப் போன ஆர்டருக்கா. ம். அப்படின்னா என் வரி யாருக்கும் வேண்டாம். நீங்க வந்தது வெறும்... வெறும் எழிலுக்காக மட்டும்தான்.

டீயைத் தொடவே இல்ல நீங்க.

பாருங்க, இப்பவும் நான் வரமுடியாது. அதைப் புரிஞ்சுக்கங்க. நான் அங்க போய், அவ கேட்டா, நான் அப்படிச் சொன்னேன்னு சொன்னா, தெரிஞ்சே செஞ்சவன்னு ஆயிடும் என் கதை. நான் ஒண்ணும் செய்யல. நான் ஒரு இடத்துல ஒரு சாமானை வச்சேன், அவங்க ரூல்படி அவங்க அழிச்சாங்க. "ம்"முன்னதுக்கெல்லாம் ஒருத்தனைக் கூண்டுல ஏத்துவீங்களா?

என்ன கோமளா? எதுக்கு அங்க நிக்கற? பேசிக்கிட்டு இருக்கோம்ல. புடவையை எப்ப மாத்தின? எங்க கிளம்பிட்ட?

எங்க?

என்கொயரிக்கா? உனக்கு அங்க என்ன வேலை? உனக்கு என்ன தெரியும் இதைப் பத்தி? நான் சொன்னேனா? எப்ப சொன்னேன்? கேக் டப்பாவோட வீட்டுக்கு வந்த அன்னிக்கா? நான் ஏதோ அலுப்புல... என்ன சொன்னேன்? "எல்லாம் மாத்தியாச்சு, நீ தைரியமா அழிம்மா"ன்னு எழில்கிட்ட சொன்னேன்னு உன்கிட்ட சொன்னேனா? சிரிச்சேனா? "நாளைக்குக் காலையில பாரு, ஜெரால்டே நம்ம வாசலுக்கு வருவான்"னு சொன்னேனா? அது... அது புருஷன் பொண்டாட்டி ஆயிரம் பேசிக்கறது, அதையெல்லாம் கொண்டுபோய் ஆபீஸ்ல வைப்பியா?

தம்பி, நீங்க அவளைக் கூட்டிட்டுப் போகக்கூடாது. அவ இதுவரைக்கும் அந்தக் கம்பெனி கேட்டுக்குள்ள காலடி வச்சதில்ல. எழுந்திருக்காதீங்க. உக்காருங்க, இன்னும் நேரம் இருக்கு. பேசுவோம்.

எழில் அனுப்பின மெசேஜையா? ஆமா, அன்னிக்கு அந்த மெசேஜை அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். அதனால என்ன? அழற பொண்ணை வேடிக்கை பாத்தீங்களேங்கறா பாருங்க. இத்தனை வருஷத்துல என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினது கிடையாது தம்பி இவ. ஒரு வார்த்தை. இன்னிக்கு ஊரான் வீட்டுப் பொண்ணுக்காக. அவளைக் காப்பாத்த நான் மாட்டிக்கறது உனக்குச் சரியா? உனக்கு நான் யாரு?

சரி போ. போய்ச் சொல்லு. ஜெரால்டுக்கு அதைவிட வேற என்ன சந்தோஷம்? என் பொண்டாட்டி வாயாலயே. போ.

பின்னாடி பாத்து உக்காரு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கோ, சக்கரத்துல மாட்டிக்கும்.

கோமளா, ஒரு நிமிஷம். தம்பி, வண்டியை நிறுத்துங்க ஒரு நிமிஷம். எழிலைப் பாத்தா ஒண்ணே ஒண்ணு கேளு. டிசேபிள் ஷேர்ட் போட்டாளா இல்லையான்னு கேளு. ஞாபகம் வச்சுக்கோ, ரெண்டு கோடு, டிசேபிள், ஷேர்ட். அது போடலன்னா அடுத்த தடவை மெஷினை அப்டேட் பண்ணும்போது எல்லாம் மறுபடி விழுந்துடும். இன்னிக்கு ஒழுங்கா இருக்கற மாதிரிதான் தெரியும், விழுந்துடும். ஜெரால்டு காதுல விழற மாதிரி கேளு. நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லு. கோமளா, கேக்குதா? நான் சொன்னேன்னு சொல்லு.